வலியைச் சொல்லத் தெரிந்த அக்காவுக்கு

என் அருமை அக்கா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். நெஞ்சில் வைத்த கையை எடுத்துவிட்டு மீதியை நிதானமாகக் கேள். உனக்கு எந்தச் செய்தியையும் இந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் செய்தி முடிவதற்குள் நீ வேர்த்து, தண்ணீர் கேட்டு, கட்டிலில் சாய்ந்துவிடுவாய்.

அங்கே உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? யாரிடம் சொல்கிறாய்? கேட்க ஆள் கிடைத்திருப்பார்கள். உனக்கு எங்கே போனாலும் ஆள் கிடைக்கும்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. இந்த வருஷம் பேச்சிப்பாறை அணையில் சமயத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயல் பச்சை பிடித்து நிற்கிறது. உன் மகன் நடராஜன் மொட்டைமாடிக்குத் தகரக் கூரை போட்டுவிட்டான். நீ இருந்திருந்தால் தகரம் இடியை இழுக்கும் என்று சொல்லித் தடுத்திருப்பாய். உன் பேரன் அருணுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. திருவட்டாறுப் பெண். பேசும்போது நம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். எனக்கு அது போதும்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒன்று நடந்தது. அதை நீ மற்றவர்கள் வாயால் கேள்விப்படும்முன் நானே சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி, கொஞ்ச நாளாக என்னை விடாத கேள்வி. நம் இருவருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே கிணற்றுத் தண்ணீர். எப்படி இவ்வளவு வேறு வேறாகப் பிறந்தோம்? நாகர்கோவில் கான்வெண்டில் முதலில் உன்னைத்தான் சேர்த்தார்கள். வயிற்றுவலி, தலைவலி, காதுவலி என்று ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சொல்லி அழுது, ஒரு வாரத்தில் அப்பாவையே வரவழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாய். பிறகு நான் போனேன். பள்ளி முடியும் வரை அங்கேயே இருந்தேன். காலை ஜெபத்தின்போது காய்ச்சலோடு நேராக நின்றிருக்கிறேன். பக்கத்துப் பெண் மயங்கி விழுந்தாள், நான் விழவில்லை. மதர் என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை அசைத்தார். அந்த அசைப்புக்காக நான் இன்னும் எத்தனை காய்ச்சலையும் நின்று கடந்திருப்பேன்.

உன்னைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். இவ்வளவு கவலைப்படுகிறவள் நெடுநாள் இருக்க மாட்டாள் என்றார்கள். நீ கன்னியாகுமரியில் படகு ஏறியதில்லை. காற்றடித்தால் தென்னை மரத்துக்குக் கீழே நடந்ததில்லை. வாழைப்பழத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வரும். "ஏட்டி, இன்னைக்கு முட்டுல இல்ல கேட்டியா, தோள்ல ஒரு பிடி பிடிக்கு." எனக்குச் சொல்லி முடிந்தால் உன் நாத்தனாருக்கு. அவருக்கு முடிந்தால் பால்காரனுக்கு. உனக்கு வீட்டில் ‘ஆஸ்பத்திரி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். நீயும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாய்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் ஊருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. எதிரில் வருகிறவர் பகையாளியாக இருந்தாலும் தோளில் கை போடுவார். இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு நோய் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். அவர் ஐம்பத்தெட்டு வயதில், வட்டக்கோட்டையில் கூட்டாளிகளோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, பேசிக்கொண்டிருந்த பேச்சின் நடுவிலேயே போய்விட்டார். நீ எண்பத்தாறு வரை இருந்தாய்.

நல்ல மனிதர்களைக் கடவுள் அவசரமாக அழைத்துக்கொள்வார் என்று அப்போது துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் நல்ல மனிதர் என்பதால் சாகவில்லை. யார் சிகரெட்டை நீட்டினாலும் மறுத்தால் மனம் கோணுமே என்று வாங்கினார். டாக்டரிடம் போகச் சொன்னால், "எனக்கு என்னவாக்கும்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எதிராக என்னால் ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை. யாராலும் முடியாது. அவ்வளவு நல்ல சிரிப்பு.

உனக்கோ சிரித்துத் தள்ளத் தெரியாது. எழுபது வயதில் உனக்கு நெஞ்சுவலி வந்தபோது, அது வந்த ஐந்தாவது நிமிஷம் தெருவுக்கே தெரியும். தும்மலுக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள் அன்றைக்கும் ஓடினாய். காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீ சொல்லாத இடம் கிடையாது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வரிசையில். முதலில் வேர்த்தது. பிறகு நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது மாதிரி இருந்தது. பிறகு இடது கை கனத்தது. பிறகு தாடை வரைக்கும் இழுத்தது. தாடை என்று சொல்லும்போது நிறுத்தி, தாடையைத் தொட்டுக் காட்டி, கேட்பவர்கள் முகத்தைப் பார்ப்பாய். உன் மருமகள் ராதா சமையலறையிலிருந்து அடுத்த வரியை முணுமுணுத்துக்கொண்டே தாளிப்பாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கல்யாணத்தைப் பெண் வீட்டார் திருவட்டாறில் நடத்தினார்கள். அடுத்த நாள் நம் வீட்டு விருந்து, நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில். பெண் வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். நீ இல்லாததால் உன் இடத்தில் நான் நின்றேன். காலையிலிருந்தே சமையற்கட்டில் இருந்தேன். இஞ்சிக் கறியில் வெல்லம் கூடுதல் என்று சொன்னேன். எரிசேரிக்குத் தேங்காயை இன்னும் சிவக்க வறுக்கச் சொன்னேன். சமையற்காரர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எரிசேரி அதற்குப் பிறகு நன்றாக வந்தது.

முதல் பந்தியில் பெண் வீட்டுப் பெரியவர்களோடு நான் உட்கார வேண்டும். எனக்கு அடுத்த நாற்காலியில் பெண்ணின் அத்தை. பெரிய உருவம், பெரிய குரல், கழுத்து நிறைய நகை. ரசத்தை உள்ளங்கையில் வாங்கிச் சத்தமாகக் குடித்தார். பரிசத்தன்றே இவரோடு எனக்கு ஒத்துப்போகாது என்று முடிவு செய்திருந்தேன்.

ரசம் வந்தபோதுதான் தொடங்கியது. ரவிக்கை இறுக்கமாகத் தைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மேலே மின்விசிறி சுற்றியும் கழுத்தில் வேர்வை இறங்கியது. இடது கையை மேசைமேல் வைத்திருந்தேன், அதை எடுக்க முடியவில்லை. அக்கா, அது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கதையை உன்னைவிட நன்றாக அறிந்தவள் நான். ஆனால் பந்தி நடந்துகொண்டிருந்தது. விருந்து கொடுக்கிற வீட்டின் மூத்தவள், சம்பந்தி வீட்டார் சாப்பிட்டு முடிக்கும்முன் இலையை விட்டு எழுந்திருக்கலாமா? வந்தவர்களை அவமானப்படுத்தினாள் என்று காலம் முழுக்கப் பேச்சு நிற்குமே. அடைப் பிரதமன், பால் பாயசம் என்று இரண்டு பாயசம், பிறகு மோர். இந்த மூன்று வாளியும் கடந்துவிட்டால் எல்லாரும் இலையை மடக்குவார்கள், நானும் மடக்கிவிட்டு மெதுவாக எழுந்து போகலாம் என்று கணக்குப் போட்டேன். கான்வெண்டில் ஜெபம் முடிய இன்னும் எத்தனை பாட்டு என்று எண்ணிக்கொண்டு நின்ற மாதிரி.

ராதா பிரதமன் வாளியோடு வரிசையில் விளம்பிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பரிமாற வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். என் இலைக்கு வந்ததும், அவியல் எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லா இருந்து என்றேன்.

அவள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

பிறகு அவள் நடராஜனிடம் சொன்னது இது. "சித்தி ஒண்ணுமே குறை சொல்லலை. அதுலதான் எனக்குப் பயமாயிட்டு." முப்பது வருஷத்தில் நான் அவள் முன்னால் எந்தப் பண்டத்தையும் நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்தியது கிடையாதாம். இருக்கலாம்.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "சித்தி, தாடை வலிக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ விளம்பிக்கிட்டுப் போ."

"இடது கை?"

"ஏட்டி, பந்தி நடக்குது. அவங்க சாப்பிட்டு எந்திரிக்கட்டும்."

"அத்தைக்கும் இப்படித்தான் வேர்த்துச்சாம்" என்றாள் அவள். நீ பஸ்ஸில் சொன்னதை, கோயிலில் சொன்னதை, அவள் தாளித்துக்கொண்டே கேட்டு அலுத்துப்போனதை, அப்போது ஒவ்வொன்றாக என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன். அவள் என் தோளைப் பிடித்தாள். நான் அசையவில்லை. அந்த நேரத்தில் என்னை யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால் நான் அந்த அவமானத்திலேயே செத்திருப்பேன் என்றுதான் தோன்றியது.

எல்லாவற்றையும் பெண்ணின் அத்தை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் இலையில் ரசச்சோறு பாதி அப்படியே இருந்தது. அதை உள்ளே வைத்து இலையை மடக்கினார். மேசையில் கையை ஊன்றி எழுந்தார்.

"எனக்கு மதி, போதும்" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில். "எல்லாரும் எந்திரிங்க. பிரதமன் எங்கயும் ஓடிப்போவாது."

திருவட்டாறுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு இலையாக மடங்கியது. பாயசம் வராமல், மோர் வராமல், ஒரு முதல் பந்தி முழுவதும் எழுந்து நின்றது. நம் ஊரில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அவர் குனிந்து என் இலையையும் தன் கையால் மடக்கினார். "இனி நீங்க எந்திரிக்கலாம்" என்று என் காதருகில் மட்டும் கேட்கும்படி சொன்னார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகவும் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நடராஜன் கார் ஓட்டினான். ராதா பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் அவள் கையில் பிரதமன் கரண்டி இருப்பதை நான் பார்த்தேன். பட்டுப்புடவை முழுக்க வெல்லம் வடிந்திருந்தது. அதை உடனே தண்ணீரில் நனைக்க வேண்டும், காய்ந்தால் போகாது என்று சொன்னேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். பயப்படாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். சட்டைப் பித்தான் ஒன்று அறுந்திருந்தது. ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார். வீட்டுக்குப் போகிற நாளில் அவரிடம் கேட்டேன். மனிதர்களின் குணத்துக்கும் ஆயுசுக்கும் சம்பந்தம் உண்டா? என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

சம்பந்தம் உண்டு, ஆனால் ஜாதகம் மாதிரி இல்லை என்றார். பல பேரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும், ஒரு ஆளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒழுங்கும் கட்டுப்பாடும் உள்ளவர்கள் பொதுவாகக் கொஞ்சம் அதிக நாள் இருக்கிறார்கள், ஏனென்றால் மாத்திரையை நேரத்துக்குப் போடுவார்கள், கெட்ட பழக்கங்களுக்குப் பக்கத்தில் போக மாட்டார்கள். எப்போதும் எரிந்து விழுகிறவர்களுக்கும் மனதில் பகையை வைத்துக் காய்கிறவர்களுக்கும் இதயம் கஷ்டப்படுகிறது. சிரித்துப் பழகுகிறவர்களுக்கு நாலு பேர் துணை இருக்கும், அது நல்லது. ஆனால் அதே சிரிப்பில் ஆபத்தையும் லேசாக எடுத்துக்கொண்டால் அதற்கு விலை உண்டு. கவலைப்படுகிறவர்கள்? கவலை ஓயாமல் தூக்கத்தைத் தின்றால் உடம்பை அரிக்கும். அதே கவலை ஒருவரைச் சமயத்துக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்தால் காப்பாற்றவும் செய்யும்.

"நான் ஒழுங்குள்ளவள்தானே" என்றேன். விடியுமுன் எழுந்திருப்பேன், நடப்பேன், அளவாகச் சாப்பிடுவேன். இத்தனை வயதில் ஒரு மாத்திரை கிடையாது.

"கடைசியா எப்பம்மா ரத்தம் சோதிச்சீங்க?"

நோய் இல்லாதவள் எதற்குச் சோதிக்க வேண்டும்?

அவர் சிரித்தார். "உங்க ஒழுங்கு நல்லதுதாம்மா. ஆனா நீங்க வலியையும் வரிசையில நிக்க வைக்கப் பாத்தீங்க."

அக்கா, நான் அவரிடம் கோபித்துக்கொள்ளவில்லை. பித்தானைத் தைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ராதாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். யார் கேட்டாலும் வெயிலில் மயக்கம் என்று சொல்ல வேண்டும். உனக்குத்தான் தெரியுமே, இங்கே ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் ஊர் முழுவதும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வரும். நீ அந்த நாட்களில் தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு மகாராணி மாதிரி இருப்பாய். எனக்கு அது ஆகாது. நான் படுத்திருப்பதை யாரும் பார்க்க வேண்டாம். பெண்ணின் அத்தை மட்டும் ராதா சொன்னதைக் கேட்டுவிட்டு நேராக உள்ளே வந்தார். "வெயில்ல மயங்கினவங்களுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வைப்பாங்களாக்கும்?" என்று கேட்டு, கையில் இருந்த தூக்குவாளியை மேசையில் வைத்தார். அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்தோமே, அந்தப் பிரதமன் என்றார். டாக்டர் இனிப்பு கூடாது என்றிருக்கிறார் என்றேன். உங்களுக்கு யார் கொடுத்தார்கள், எனக்குக் கொண்டு வந்தேன், நீங்கள் எதிரில் உட்கார்ந்து விளம்பினால் போதும் என்றார். விளம்பினேன். அடையைக் கொஞ்சம் அதிகமாக வேகவிட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும்போதே தெரிந்தது. சொன்னேன். ராதாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ராதா என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். நான் வரமாட்டேன் என்றேன். என் வீடு, என் கட்டில், என் ஜன்னல். அவள் வற்புறுத்தவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க வர வேண்டாம் சித்தி. நானும் வந்து காவல் இருக்க மாட்டேன். வலிச்சா சொல்லணும். அது மட்டும் போதும்."

சொல்கிறேன் என்றேன்.

"சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது என்னை உறுத்தியது.

போன வாரம் ஒரு காலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சின் நடுவில் ஒரு பிடி. கொஞ்சம் விட்டு மறுபடியும். பத்திரிகையை மடித்து வைத்தேன். போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

எத்தனை காரணங்கள் வந்தன தெரியுமா? இந்த நேரத்தில் ராதா அவசரமாகச் சமைத்துக்கொண்டிருப்பாள். வாசலில் கார் வந்து நின்றால் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தலை வாரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் போய்விடும். ஒவ்வொன்றும் நியாயமான காரணமாகத்தான் தோன்றியது. என் வீட்டுக்காரருக்கும் அன்றைக்கு வட்டக்கோட்டையில் இப்படி ஏதாவது தோன்றியிருக்குமோ? பேச்சை நிறுத்தினால் கூட்டாளிகளின் சந்தோஷம் கெடுமே என்று நினைத்திருப்பாரோ? அவரைக் கேட்க முடியாது. நீ அங்கே பார்த்தால் கேட்டு வை.

போனை எடுத்தேன். ராதா எடுத்து, சொல்லுங்க சித்தி என்றாள். எனக்கு வார்த்தை வரவில்லை. எழுபத்தேழு வயதில், இரண்டு மொழியில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவளுக்கு, வலிக்கிறது என்று ஒருவரிடம் சொல்ல வாக்கியம் இல்லை. ஒருபோதும் சொல்லியிராத ஒன்று எப்படி வரும்? கடைசியில் உன்னுடையதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, நெஞ்சுல ஒரு பிடி பிடிக்கு கேட்டியா."

மறுமுனையில் அவள் அடுப்பை அணைக்கிற ஓசை கேட்டது.

அக்கா, இப்போது நீ சிரிக்கலாம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் பார்த்தார்கள். இதயம் ஒழுங்காக இருந்தது. டாக்டர் வந்து, நேற்றிரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துவையலும் என்றேன். வெறும் வாயு. அங்கே படுத்திருந்த ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு எல்லாரும் சிரித்த மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது காரில் நடராஜன் பொறுக்க முடியாமல், "அம்மா போயிட்டான்னு நெனச்சேன். சித்தி ரூபத்துல வந்துட்டா" என்றான். ராதா அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அவளும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அன்று முழுவதும் ரொம்ப வெட்கமாக இருந்தது. மாலையில் வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. உண்மையான சோதனை போன வாரம் நடந்தது இல்லை. ஒரு தடவை அசடு வழிந்தாயிற்று. அடுத்த தடவை பிடிக்கும்போது, இதுவும் மரச்சீனியாக இருக்கும் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட எனக்கு எவ்வளவு சுலபம்! எந்தத் தடவை எதுவாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நீ எத்தனை தடவை அசடு வழிந்திருக்கிறாய்! ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவார், வீடே சிரிக்கும், நீயும் கூடச் சிரித்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனை எடுப்பாய். உனக்கு வெட்கமே கிடையாது என்று நினைத்திருந்தேன். இருந்திருக்கும். அதையும் பார்த்துக்கொண்டுதான் போனை எடுத்திருக்கிறாய்.

உன் குணம் உனக்குச் சுகமாகவே இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். எத்தனை ராத்திரி நீ தூங்காமல் புரண்டாய் என்று எனக்குத் தெரியும். பேச்சிப்பாறை அணையை, இவ்வளவு பக்கத்தில் இருந்தும், உடைந்துவிடும் என்று பயந்து ஒருநாளும் பார்க்கவில்லை. எண்பத்தாறு வருஷத்தில் எத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தாய்? நான் உன்னிடம் இதைக் கேட்டதே இல்லை. உன் பயத்தை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லை. என் நிமிர்ந்த முதுகையும் நான் விடப்போவதில்லை. அது என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது. உன்னிடமிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீயும் மறுக்கமாட்டாய், யார் எதைக் கேட்டாலும் கொடுக்கிறவள்.

ஆகவே அக்கா, எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் நான் மாற்றிப் பேசினால் ராதா இதை எடுத்துக் காட்டட்டும். அடுத்த தடவை வலித்தால் சொல்வேன். அது ஒன்றுமில்லாமல் போனால், அதற்கடுத்த தடவையும் சொல்வேன். தலை வாராமல் இருந்தாலும், எதிர்வீட்டார் வாசலில் நின்று பார்த்தாலும், நடராஜன் காரில் என்ன கேலி பேசினாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னைவிடப் பத்து வயது சின்னவளான,
சிரித்தாலும் பரவாயில்லை என்றிருக்கிற
உன் தங்கச்சி